கொட்டாவிக்கு எழும்பின கை

கொட்டாவி ஏன் வருதுன்னு இந்த ரெண்டு மாசத்துல எங்கிட்ட விளக்கம் சொல்லாத ஆளே இல்ல. தூக்கம் பத்தலன்னா வரும்னு ஒருத்தர். மூளை சூடாயிடுச்சுன்னா ஆத்திக்கறதுக்கு வருதுன்னு என் மக. கண்ணு பட்டிருக்குன்னு அடுத்த வீட்டு அழகம்மா அக்கா. ஆளுக்கொண்ணு சொல்லிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னுட்டுப் படுத்துட்டாங்க. உக்காந்து கொட்டாவிய எண்ணிக்கிட்டுக் கெடந்தவ நான்தான்.

என் பேரு நளினி. கரங்கான் டவுன்லேருந்து உள்ள போற எஸ்டேட்டு ரோட்டுல, எண்ணெய் எடுக்கற செம்பனை மரத்துக்கு நடுவுல பதினாறு வீடு வரிசையா இருக்கும். நாலாவது வீடு எங்களது. வீட்டுக்காரர் ரஃபேல். முப்பத்திரண்டு வருஷமா செம்பனைக் குலை வெட்டினவரு. நீளக் கம்பு நுனியில அரிவாளக் கட்டி, அண்ணாந்து பாத்து ஒரு இழுப்பு இழுத்தாருன்னா குலை தொப்புன்னு கீழ கெடக்கும். வங்காளதேசத்துலேருந்து வந்த ஆளுங்க மூணு இழுப்பு இழுக்கற மரத்துல இவருக்கு ஒண்ணு போதும். அந்தக் கை ஒரு திங்கக்கெழம காலையில ஏழரை மணிக்கு மரத்தடியிலயே செத்துப் போச்சு. ஸ்ட்ரோக். வலது கை, வலது காலு, பேச்சு, மூணும் ஒரே நேரத்துல போச்சு.

காலு கொஞ்சம் வந்துச்சு. கம்ப ஊனிக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் இழுத்து இழுத்து நடப்பாரு. பேச்சு வரல, தொண்டையிலேருந்து ஒரு 'ம்' மட்டும் வரும். அதுக்கு நான் அழல. பேச்சு இருந்த காலத்துலயும் இவரு ஒண்ணும் பேசிக் கொட்டினவரு இல்ல. ஆனா கை வரணும். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான், வேற ஒண்ணும் நான் கடவுள்கிட்ட கேக்கல. ஏன்னா இடது கையால சோறு திங்கறப்ப இவரு தலையத் தூக்க மாட்டாரு. பாதி வாயில, பாதி சட்டையில. நான் ஊட்டுறேன்னு போனா வாய மூடிக்குவாரு. முப்பது வருஷம் என்கூடச் சாப்பிட்ட மனுஷன், இப்ப நான் எந்திரிச்சுப் போனப்புறம்தான் தட்ட இழுப்பாரு. இதப் பாத்துக்கிட்டு எந்தப் பொம்பளையால உக்காந்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்க.

கிளினிக்ல பிசியோ குடுக்கற புள்ள லோகேஸ்வரி ஆரம்பத்துலயே சொல்லிட்டா. முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் பெரும்பாலும் வரும், அதுக்கப்புறம் ரொம்ப மெதுவாத்தான்னு. அன்னைக்கே வீட்டுக்கு வந்து காலண்டர்ல ஆறாவது மாசம் முடியற தேதிய சிவப்புப் பேனாவால சுத்தி வச்சேன். அது ஒரு தப்பு. தினம் அதைப் பாக்காம ஒரு வாய் தண்ணி குடிக்க முடியல.

மூணாவது மாசம், ஒரு ஞாயித்துக்கெழம. மத்தியானம் சோறு ஆச்சு. வாசல் ஷெட்டுல இவர நாற்காலியில உக்கார வச்சு, வலது கைய என் மடியில போட்டு நகம் வெட்டிக்கிட்டிருந்தேன். கை குளுந்து போயிருக்கும், கனக்கும், யாரோ ஒருத்தரோட கைய வாங்கி வச்சிருக்கற மாதிரிதான் எப்பவும் இருக்கும். வெயிலும் சோறும் சேந்து எனக்கு ஒரு கொட்டாவி வந்துச்சு. பழக்கத்துல வாய்க்கு முன்னாடி விரல சொடுக்கினேன். இவரு என்னையப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அவருக்கும் வந்துருச்சு. வாயத் தொறந்தாரு, என் மடியில கெடந்த கை என் விரல விட்டுக் கெளம்பிடுச்சு. மெதுவா நெஞ்சு வரைக்கும் ஏறி, அங்கேருந்து தாடைக்கு வந்து, வாய்க்கு முன்னாடி நின்னுச்சு. கொட்டாவி முடிஞ்சதும் தொப்புன்னு மடியில விழுந்துச்சு.

நகவெட்டி எங்க விழுந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஒண்ணு சொல்லணும். நான் சாமி கும்பிடுற வீட்டுலேருந்து வந்தவ. எங்க பக்கம் கொட்டாவி விட்டா விரல சொடுக்குவோம். இவங்க வேதக்கார வீடு. கொட்டாவி வந்தா கட்டை விரலால வாயில சிலுவை போடுவாங்க, வாயத் தொறந்த நேரம் பாத்து சாத்தான் உள்ள பூந்துடக் கூடாதாம். கட்டிக்கிட்ட புதுசுல நான் சொடுக்க, இவரு சிலுவை போட, மாமியா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். ஞானஸ்நானம் வாங்கினேன், பூசைக்குப் போறேன், ஜெபமாலை சொல்றேன், ஆனா இந்தச் சொடுக்கறது மட்டும் என்னைய விட்டுப் போகல. இவருக்கும் அப்படித்தான், தூக்கத்துல கொட்டாவி வந்தாக்கூட கை தானா வாய்க்குப் போயிடும். அதனால அன்னைக்கு அந்தக் கை வாய்க்கு வந்து நின்னப்ப எனக்கு ஒரு சந்தேகமும் வரல. சிலுவை போட வந்திருக்கு, பாதியில பலம் பத்தாம விழுந்துடுச்சு, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் பலம் வந்தா போட்டு முடிச்சுடும்னு நெனச்சேன்.

சுங்கைப்பட்டாணி டவுன்ல பேக்டரியில வேலை செய்யற என் மக ஜெசிகாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவ அழுதுட்டா. இன்னொரு தடவை காட்டும்மான்னா. நானும் இவரு மூஞ்சிக்கு நேரா வாயப் பொளந்து பொளந்து காட்டினேன். ஒண்ணும் நடக்கல. பொய்க் கொட்டாவி இவருக்குத் தொத்தவே இல்ல, நெசமா வந்தாத்தான் தொத்துச்சு. அவ போன்ல தேடிப் படிச்சுட்டுச் சொன்னா. பாத்தா மட்டும் இல்லயாம், சத்தத்தக் கேட்டா, அதப்பத்திப் படிச்சா, நெனச்சாக்கூட வருமாம். நாய்க்குக்கூட மனுஷங்கிட்டேருந்து தொத்துமாம். ஏன்னு சரியா இன்னும் யாருக்கும் தெரியாதாம். ஆனா ரொம்ப நெருங்கினவங்ககிட்டேருந்துதான் சீக்கிரம் தொத்துதுன்னு சில பேரு சொல்றாங்களாம்.

அந்தக் கடைசி வார்த்தைய நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். அழகம்மா அக்கா எதிர்ல உக்காந்து எத்தனையோ கொட்டாவி விட்டுச்சு, இவரு திரும்பிக்கூடப் பாக்கல. நான் விட்டா உடனே வந்துச்சு. முப்பது வருஷத்துல என்னையப் புடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், நான் வாயத் தொறந்தா தானும் தொறக்கறாரு. பெருமையா இருந்துச்சு. வெக்கமில்லாம சொல்றேன், கல்யாணமான புதுசு மாதிரி இருந்துச்சு.

அப்புறம் எனக்கு அதே வேலையாப் போச்சு. மத்தியானச் சோறு தின்னு அரை மணி நேரம் கழிச்சு நல்ல நேரம். எனக்குக் கண்ணு சொக்கும், ஆனா படுக்க மாட்டேன். இவருக்கு எதிர்ல நாற்காலியப் போட்டு உக்காந்து வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருப்பேன். ஜெசிகா ஆளுங்க கொட்டாவி விடுற வீடியோவா அனுப்பி வச்சா, கொழந்தைங்க, பூனை, பாராளுமன்றத்துல தூங்கி வழியற யாரோ. எல்லாத்தையும் அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். ஒவ்வொரு தடவை கை ஏறினப்பவும் காலண்டர்ல ஒரு கோடு. ஒரு நாள் ஆறு, ஒரு நாள் பதினொண்ணு. கோட்டைப் பாத்துட்டு சிவப்பு வட்டத்தப் பாப்பேன். இன்னும் நாளு இருக்குன்னு மனசு ஆறிக்கும்.

லோகேஸ்வரிகிட்ட சொன்னேன். அவ கிளினிக்ல வச்சுப் பாத்தா. இவருக்கு எதிர்ல உக்காந்து நான் கொட்டாவி விட, இவரு விட, கை ஏறி எறங்குச்சு. அவளுக்கு ஆச்சரியமே இல்ல. அப்புறம் இவர கைய தூக்கச் சொன்னா. இவரு பல்லக் கடிச்சு, கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்க, முயற்சி பண்ணினாரு. ஒரு விரல்கூட அசையல. அவ எங்கிட்ட மெதுவா சொன்னா.

"அவரு தூக்கறதில்ல ஆண்ட்டி. அது தானா எழும்புது. அவரு நெனச்சாலும் தூக்க முடியாது, நெனச்சாலும் நிறுத்த முடியாது."

மூளையில நாம சொல்லிச் செய்யற எடம் மேல இருக்காம், அங்கேருந்து கைக்கு வர்ற வழி அடைபட்டுப் போச்சாம். கொட்டாவி அதுக்கும் கீழ, ரொம்பப் பழைய எடத்துலேருந்து வருதாம், அது போற போக்குல கையையும் இழுத்துக்கிட்டுப் போகுதாம். சில பேருக்கு இப்படி வர்றதுண்டாம். இத வச்சு கை வந்துடும்னு நெனச்சுக்காதீங்கன்னா. நேத்துப் பொறந்த புள்ள. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. நீ படிச்சுட்டா சரியா, முப்பது வருஷம் இந்தக் கையோட குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுமான்னு உள்ளுக்குள்ள திட்டிக்கிட்டே வண்டி ஏறினேன். அவ இதச் சொல்றப்ப இவரும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. எல்லாத்தையும் கேட்டாரு. வீடு வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாரு. அத நான் அப்ப யோசிக்கல.

இதுக்கு நடுவுல சேதி வரிசை முழுக்கப் பரவிடுச்சு. அழகம்மா அக்கா மொளகாய் உப்பெல்லாம் கொண்டாந்து சுத்திப் போட்டுச்சு. சுத்தறப்பவே அதுக்குக் கொட்டாவி மேல கொட்டாவி, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. பாத்தியா, எவ்வளவு கண்ணு இருந்துச்சுன்னு அதுவே சர்ட்டிபிகேட் குடுத்துக்கிச்சு. அடுத்து டக்ளஸ் அண்ணன் வந்தாரு. முன்னாடி ஸ்கூல் பஸ் ஓட்டினவரு, இப்ப எங்க பக்கத்து ஜெபக்கூட்டத்துக்கு அவருதான் தலைவரு. நல்ல மனுஷன், ஆனா வாயத் தொறந்தா பிரேக் கெடையாது. ஒரு தடவை கை எழும்பினதப் பாத்தாரு, அவ்வளவுதான், முழங்கால்ல நின்னுட்டாரு. சிலுவை போடற கை தங்கச்சி, பேச முடியாத மனுஷன் சாட்சி சொல்றாருன்னாரு. சனிக்கெழம மூணு மணிக்கு உங்க வீட்டுலயே கூட்டம் வச்சு எல்லாரும் சேந்து ஜெபிச்சா அந்தச் சிலுவை முழுசாகும்னாரு. நான் சரின்னேன். ஆறு மாசம் முடிய இன்னும் பதினெட்டு நாளுதான் இருந்துச்சு. அன்னைக்கு யாராவது வந்து தலைகீழ நில்லுன்னு சொல்லியிருந்தாலும் நின்னிருப்பேன்.

சனிக்கெழம காலையிலேயே மீகூன் சேமியா பொரட்டி, தேத்தண்ணி கலக்கி ஜக்குல ஊத்தி வச்சேன். இவருக்குக் கிறிஸ்மஸ் சட்டைய எடுத்தேன். பட்டன் போடப் போனா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. கூச்சம்னு நெனச்சேன். மோவாயப் புடிச்சுத் திருப்பி, நாலு பேரு வர்ற எடத்துல இப்படியா இருக்கறதுன்னு செல்லமா அதட்டி, தலை சீவி விட்டேன். அந்த மோவாயப் புடிச்ச கைய இப்ப வெட்டிப் போடலாம்னு இருக்கு.

இருபது பேருக்கு மேல வந்துட்டாங்க. ஹாலு கொள்ளல, வாசல்ல வேற நின்னாங்க. ஜெசிகாவுக்கு ஷிப்டு, வர முடியல. இவர நடுவுல நாற்காலியில உக்கார வச்சு, எல்லாரும் சுத்தி உக்காந்தாங்க. டக்ளஸ் அண்ணன் ஜெபத்த ஆரம்பிச்சாரு. ஆரம்பிச்சவரு முடிக்கல. போப்பாண்டவர்லேருந்து எஸ்டேட்டு மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் வேண்டினாரு. மூணேகால் மணி வெயிலு, மேல தகரம், உள்ள ஒரே ஒரு காத்தாடி. ஜன்னல் பக்கம் உக்காந்திருந்த ஒரு அம்மா மொதல் கொட்டாவிய விட்டுச்சு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. அப்படியே வரிசையாப் போச்சு, ஆளுக்காளு வாயில சிலுவை போட்டுக்கிட்டே. எனக்கும் வந்துச்சு. இவரு என்னையப் பாத்தாரு.

கை எழும்புச்சு.

வீடே அல்லேலூயான்னு அதிர்ந்துச்சு. பின்னாடி நின்னவங்களுக்குத் தெரியலயாம், இன்னொரு தடவைன்னாங்க. போன எடுத்து வீடியோ புடிச்சாங்க. நானே இவருக்கு நேரா போய் நின்னேன். எனக்கு அப்பல்லாம் நெனச்சாலே நெசக் கொட்டாவி வர்ற அளவுக்குப் பழகிப் போச்சு. விட்டேன். எழும்புச்சு. மறுபடி விட்டேன். எழும்புச்சு. பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க, கைதட்டல் வேற. டக்ளஸ் அண்ணன் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கிட்ட, இன்னும் கொஞ்சம் கிட்டன்னு கிரேனுக்கு வழி காட்டற மாதிரி சொல்லிக்கிட்டிருந்தாரு. நானும் எண்ணிக்கிட்டிருந்தேன். ஏழு.

எட்டாவது கொட்டாவிக்கு இவரு வாய் தொறக்கறப்ப, இடது கை குறுக்க வந்துச்சு. வலது மணிக்கட்டப் புடிச்சு மடியில அமுக்கிக்கிச்சு.

எனக்குப் புரியல. கை தெரியாம குறுக்க வந்துடுச்சாக்கும்னு இடது கைய எடுத்து விடப் போனேன். எடுக்க வரல. குலை வெட்டின பலம் மிச்சமெல்லாம் அந்தக் கையிலதான் இருந்துச்சு. நான் இழுக்க இழுக்க இன்னும் இறுக்கினாரு. நிமிந்து மூஞ்சியப் பாத்தேன். கண்ணு ரெண்டும் செவந்து, தண்ணி வழிஞ்சு கிறிஸ்மஸ் சட்டைக் காலர நனைச்சிருந்துச்சு. எவ்வளவு நேரமா அழறாருன்னு தெரியல. ஏழு தடவையும் நான் கையத்தான் பாத்திருக்கேன், ஒரு தடவைகூட மூஞ்சியப் பாக்கல.

அப்பத்தான் எல்லாம் ஒண்ணொண்ணா மண்டையில ஏறுச்சு. கிளினிக்ல அந்தப் புள்ள சொன்னத நான் நம்பல, இவரு நம்பியிருக்காரு. நம்ப என்ன இருக்கு, இவருக்குத்தான் மொதல் நாள்லேருந்தே தெரியுமே. தன் கைய யாரோ தூக்கிக் காட்டி வேடிக்கை காட்டறாங்க, தன்னால தூக்கவும் முடியல, நிறுத்தவும் முடியல. தன் பொண்டாட்டியே தினம் மத்தியானம் எதிர்ல வந்து உக்காந்து, கோடு போட்டுக்கிட்டு. சொல்றதுக்கு வாயும் இல்ல. அந்த வாயும் நான் தொறந்தா தானும் தொறந்துடுது. என்ன பாவத்தப் பண்ணிட்டேன், தாயே.

பாட்டு நின்னுச்சு. போனையெல்லாம் கீழ எறக்கினாங்க. ஆனா கொட்டாவி நிக்கல. ஆரம்பிச்ச கொட்டாவிய யாரு நிறுத்த முடியும். பாவம், அவங்களும் வேணும்னு விடல. பாட்டுப் புத்தகத்தால மூடினாங்க, துப்பட்டாவ வாயில வச்சு அடைச்சாங்க, தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒருத்தர் அடக்குவாரு, அவரு மூக்கு விரியறதப் பாத்து இன்னொருத்தருக்கு வரும். சுத்திச் சுத்தி வந்து கடைசியில இவருக்கு. ஒவ்வொண்ணுக்கும் இவரு ஒடம்பே குலுங்க அந்தக் கையோட மல்லுக்கட்டினாரு. நெருக்கமானவங்ககிட்டேருந்துதான் தொத்தும்னாங்களே, இப்ப வீட்டுல இருந்த அத்தனை பேருகிட்டேருந்தும் தொத்துச்சு.

"போதும். எல்லாரும் எந்திரிச்சுப் போங்க," அப்படின்னேன்.

அழகம்மா அக்காதான் என் மூஞ்சியப் பாத்துட்டு மொதல்ல எந்திரிச்சுச்சு. செருப்பத் தேடி மாட்டிக்கிட்டு ஒவ்வொருத்தரா போனாங்க. மீகூன யாரும் தொடல. டக்ளஸ் அண்ணன் கடைசியாப் போறப்ப, மன்னிச்சுக்கம்மான்னு வாசப்படிகிட்ட நின்னு சொன்னாரு. அவரு மேல எனக்குக் கோவமே இல்ல. அழைச்சது யாரு, நான்தானே.

கதவச் சாத்திட்டு வந்து இவரு காலடியில தரையில உக்காந்தேன். இவரு இன்னும் கைய விடல. மணிக்கட்டுல விரலு பதிஞ்சு வெள்ளையாப் போயிருந்துச்சு. விடுங்க, எல்லாரும் போயிட்டாங்கன்னேன். விடல. இனிமே மாட்டேன், காலண்டரக் கிழிச்சுப் போட்டுடறேன்னேன். விடல. நம்ப மாட்டேங்கறாரு. என்னைய எதுக்கு நம்பணும்.

"எனக்குத் தெரியலங்க. தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பேனா?" அப்படின்னு கேட்டேன்.

தொண்டையிலேருந்து ஒரு 'ம்' வந்துச்சு. அது ஆமாவா இல்லயான்னு எனக்குத் தெரியாது. அஞ்சரை மாசமா எனக்குத் தெரியாது.

பேசி முடிக்கல, எனக்குக் கொட்டாவி வந்துருச்சு. காலையிலேருந்து நின்ன களைப்பு, அழுத களைப்பு, என்ன எழவோ. பல்ல கடிச்சேன், மூச்சப் புடிச்சேன், மூஞ்சிய இவரு முழங்கால்ல பொதச்சுக்கிட்டேன். அடங்கல. சத்தமில்லாமதான் விட்டேன். ஆனா என் தாடை தொறந்தது இவரு முழங்காலுக்குத் தெரிஞ்சிருக்கணும். தலைக்கு மேல இவரு மூச்ச இழுக்கற சத்தம் கேட்டுச்சு, நீளமா, உள்ள போய்க்கிட்டே இருந்துச்சு.

இவரு இடது கை ஓஞ்சு போயிருந்துச்சு. அதுக்கு அடியிலேருந்து அந்த வலது கை முட்டிக்கிட்டு மேல வரப் பாத்துச்சு. என்னா பலம். பொறக்கப் போற கொழந்தை வயித்துக்குள்ள எட்டி உதைக்கற மாதிரி ஒரு பலம். ஆறு மாசத்துக்குள்ள எழும்பணும்னு எத்தனை ஜெபமாலை உருட்டியிருக்கேன் அந்தக் கைக்காக. நான் எந்திரிச்சு மண்டி போட்டு, என் ரெண்டு கையையும் இவரு கை மேல வச்சு, அது எழும்ப விடாம இவரோட சேந்து அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.